எமரிட்டஸ்: பட்டம் போலத் தெரியும் ஒரு வினைச்சொல்

2013 பிப்ரவரி 28 அன்று இரவு 8 மணிக்குத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் பதவி விலகல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, இனி அவர் ‘போப் எமரிட்டஸ்’ என்று அழைக்கப்படுவார் என வத்திக்கான் அறிவித்திருந்தது. மார்ச் 13-இல் பிரான்சிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று தொடங்கி, 2022 டிசம்பர் 31-இல் பெனடிக்ட் இறக்கும்வரை, ‘இப்போது இருப்பது ஒரு போப்பா, இரண்டு போப்பா?’ என்ற கேள்வி ஓயவே இல்லை.

சொல் அத்தோடு நிற்கவில்லை. 2019-இல் ஜப்பானியப் பேரரசர் அகிஹிட்டோ அரியணை துறந்தபோது, அரண்மனை ஆங்கிலத்தில் அவருக்குச் சூட்டிய பெயர் ‘எம்பரர் எமரிட்டஸ்’. துணைவியார் மிச்சிகோவுக்கு ‘எம்பரஸ் எமரிட்டா’. 2022 நவம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ஜனநாயகக் கட்சியினர் நான்சி பெலோசிக்கு ‘ஸ்பீக்கர் எமரிட்டா’ என்ற பெயரை அளித்தார்கள். நம் பல்கலைக்கழகத் துறைகளிலும், ஓய்வுபெற்ற பின் அந்தப் பெயரைத் தாங்கும் எமரிட்டஸ் பேராசிரியர்கள் இருக்கிறார்கள்.

படிப்பவருக்கு மூன்று இடங்களில் குழப்பம் வருகிறது. ‘மெரிட் லிஸ்ட்’ என்பதில் வரும் மெரிட்தான் இதிலும் இருக்கிறதா, அதாவது இது தகுதிக்கான பாராட்டா? எமரிட்டஸ் ஆனவரிடம் பழைய பதவி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? ஓரிடத்தில் எமரிட்டஸ், இன்னோரிடத்தில் எமரிட்டா, வேறோரிடத்தில் எமரிட்டி என்று சொல் மாறுவது ஏன்? மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் கிடைக்கிறது. எமரிட்டஸ் பிறப்பால் பண்புச்சொல் அல்ல. லத்தீன் வினையிலிருந்து பிறந்து, பெயர்ச்சொல்லைப் போல வேற்றுமை ஏற்கும் சொல் அது. ஐரோப்பிய இலக்கணங்கள் இவ்வகையைப் பார்ட்டிசிபிள் என்கின்றன.

பார்ட்டிசிபிள் என்றால் என்ன?

கிரேக்க இலக்கண ஆசிரியர்கள் இதற்கு ‘பங்கேற்பது’ என்ற பொருளில் பெயரிட்டார்கள். ரோமானியர்கள் அதைப் ‘பார்ட்டிசிப்பியும்’ என்று எடுத்துக்கொண்டார்கள். வினையிடமிருந்து காலத்தையும் செயலையும் பெற்றுக்கொள்கிறது. பெயரிடமிருந்து பால், எண், வேற்றுமை ஆகியவற்றைப் பெற்றுக்கொள்கிறது. இரண்டிலும் பங்கு இருப்பதால் அந்தப் பெயர்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது அன்னியம் அல்ல. ‘பணி முடித்த வீரன்’ என்பதில் வரும் ‘முடித்த’ பெயரெச்சம். ‘பணி முடித்தவன்’ என்றால் வினையாலணையும் பெயர். பெயரெச்சம் எதற்கும் மாறாது: முடித்த வீரன், முடித்த வீராங்கனை, முடித்த வீரர்களுக்கு. வினையாலணையும் பெயரோ முடித்தவன், முடித்தவள், முடித்தவரை, முடித்தவர்களுக்கு என்று எல்லா உருபும் ஏற்கும். லத்தீன் பார்ட்டிசிபிள் இவ்விரண்டு வேலையையும் ஒரே வடிவில் செய்கிறது. பெயருக்கு அடையாக நிற்கும்போதும் அந்தப் பெயரின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்ப ஈற்றை மாற்றியாக வேண்டும். இந்தக் கட்டாயத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2013-லேயே ஒரு சான்று இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

எமரிட்டஸின் தாய்வினை ‘மெரேரே’. ஈட்டுதல், தன் பங்கைப் பெறுதல் என்று பொருள். லத்தீனில் அதிலிருந்து நான்கு பார்ட்டிசிபிள்கள் வரும்:

1. மெரென்ஸ்: ஈட்டுகின்ற.
2. மெரிட்டஸ்: ஈட்டப்பட்ட.
3. மெரிட்டூரஸ்: ஈட்டப்போகிற.
4. மெரெண்டஸ்: ஈட்டப்பட வேண்டிய.

நான்காவதன் பெண்பால் வடிவமான ‘மெரெண்டா’ இத்தாலியில் இன்றும் வாழ்கிறது. மாலைச் சிற்றுண்டிக்கு அங்கே அதுதான் பெயர்; உழைத்துப் பெற வேண்டிய உணவு என்பது மரபாகச் சொல்லப்படும் விளக்கம்.

நமக்கு வேண்டியது இரண்டாவது. அது இறந்தகாலம் காட்டும். ஆனால் பொதுவாகச் செயப்பாட்டுப் பொருளை மட்டுமே தரும். தமிழில் ‘உண்ட’ என்ற ஒரு சொல்லே உண்ட சாத்தனுக்கும் பொருந்துகிறது, உண்ட சோற்றுக்கும் பொருந்துகிறது, உண்ட கலத்துக்கும் பொருந்துகிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறு வகைப் பெயர்களைப் பெயரெச்சம் கொள்ளும் என்று நன்னூல் வகுத்திருக்கிறது. லத்தீனுக்கு இந்தத் தாராளம் கிடையாது. ‘நகரைக் கைப்பற்றிய சீசர்’ என்பதை ஒரே பார்ட்டிசிபிளால் சொல்ல அதற்கு வழியில்லை. ‘நகரம் கைப்பற்றப்பட, சீசர்…’ என்று சுற்றி வர வேண்டும். விதிவிலக்கு ஒரு வினைக் கூட்டம் மட்டும்தான். அவை வடிவத்தில் செயப்பாட்டு வினை, பொருளில் செய்வினை. அவற்றின் இறந்தகாலப் பார்ட்டிசிபிள் ‘செய்த’ என்று செய்தவரையே குறிக்கும். எமரிட்டஸ் இரண்டு கரையிலும் கால் வைத்திருக்கிறது.

படைவீரனின் கணக்கு

ரோமானியப் படையில் பணிபுரிவதை ‘ஸ்டிபெண்டியா மெரேரே’ என்றார்கள். நேர்ப்பொருள் சம்பளம் ஈட்டுதல். ‘ஸ்டிபெண்டியும்’ முதலில் படைவீரனின் ஊதியம். பிறகு ஊதியம் தரும் ஓராண்டுப் பணிக்கும் அதுவே பெயராயிற்று. கல்லூரிகளில் இன்று நாம் சொல்லும் ‘ஸ்டைபண்ட்’ அங்கிருந்து வந்ததுதான்.

இந்த வினையின் முன் ‘எ’ என்ற ஒட்டு சேர்ந்தால் வெளியே, கடைசிவரை என்ற பொருள் கூடுகிறது. தமிழில் ‘செய்து தீர்த்தான்’ என்பதில் ‘தீர்’ என்ற துணைவினை என்ன செய்கிறதோ அதையே இந்த ஒட்டு செய்கிறது. ஆகவே ‘எமெரேரே’ என்றால் பணியாற்றித் தீர்த்தல், கணக்கு முடியும்வரை பணிபுரிதல். இதே பொருளில் ‘எமெரேரி’ என்ற செயப்பாட்டு வடிவமும் வழங்கியது. இரண்டுக்கும் பார்ட்டிசிபிள் ஒன்றே: எமரிட்டஸ். முதல் வடிவத்தின் வழியில் அது ‘முடிக்கப்பட்ட பணி’. இரண்டாம் வடிவத்தின் வழியில் ‘பணி முடித்த ஆள்’.

மெரிட்டுக்கும் இதற்கும் உறவு உண்டு. இரண்டும் ஒரு வேர்தான். ஆனால் எமரிட்டஸில் இருப்பது மதிப்பெண் வாங்கித் தரும் தகுதி அல்ல, உழைத்து ஈட்டுதல். ‘எ’ என்பதை ‘இன்றி’ என்று படித்து ‘தகுதியற்றவர்’ என்று பொருள் கொள்வதும் தவறு.

ஒரு ரோமானியச் சிப்பாய்க்கு இந்தச் சொல் வாழ்க்கைப் பிரச்சினை. கி.மு. 13-இல் பேரரசர் அகஸ்டஸ், லீஜியன் என்ற முதன்மைப் படைப்பிரிவுகளின் வீரர்களுக்குரிய பணிக்காலத்தை 16 ஆண்டுகள் என்று வரையறுத்தார். கி.பி. 5-இல் அது 20 ஆண்டுகளாக உயர்ந்தது. முடிவில் 12,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) தருவதாக உறுதி. அதற்குப் பணம் வேண்டுமே என்று மறு ஆண்டே படைக் கருவூலம் ஒன்றை நிறுவினார். வாரிசுச் சொத்தின்மீது 5 விழுக்காடும், ஏல விற்பனையின்மீது 1 விழுக்காடும் வரி வசூலித்து அதில் சேர்த்தார்கள். ஆனாலும் காலம் முடிந்தவர்களை அனுப்பாமல் நிறுத்தி வைப்பது தொடர்ந்தது. கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்ததும் டான்யூப் ஆற்றை ஒட்டிய பன்னோனியா மாகாணத்திலும் ரைன் ஆற்றங்கரையிலும் படைகள் கலகம் செய்தன. முப்பது, நாற்பது ஆண்டுகள் பணியாற்றியும் விடுதலை இல்லை என்பது அவர்களின் முறையீடுகளில் முக்கியமானது என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். எமரிட்டஸ் என்ற சொல் அந்தக் கூட்டத்துக்குப் பாராட்டாக ஒலித்திருக்காது. வர வேண்டிய கணக்காகத்தான் ஒலித்திருக்கும்.

முடித்தவர்களின் நகரம்

பணத்துக்கு முந்திய வழக்கம் நிலம். கி.மு. 25-இல், ஸ்பெயினின் வடக்கே கந்தாப்ரியர்களுடன் நடந்த போரில் பங்கேற்ற வீரர்களுக்காக, குவாதியானா ஆற்றங்கரையில் ஒரு குடியேற்றம் அமைந்தது. ஐந்தாம் லீஜியனிலும் பத்தாம் லீஜியனிலும் காலம் முடித்தவர்கள் அங்கே குடியேறினார்கள். ஊரின் பெயர் எமரிட்டா அகஸ்டா. வீரர்கள் எல்லாரும் ஆண்கள். பெயர் ஏன் பெண்பாலில் இருக்கிறது? குடியேற்றத்தைக் குறிக்கும் ‘கொலோனியா’ என்ற லத்தீன் சொல் பெண்பால். அடையாக வரும் பார்ட்டிசிபிள் அதற்குப் பணிந்து எமரிட்டா ஆகிறது.

படைத் தலைவர் பூப்லியஸ் கரிசியஸ் வெளியிட்ட வெள்ளி நாணயங்களில் இந்தச் சொல்லைக் காணலாம். நகரின் மதில், அதில் இரட்டை வளைவு கொண்ட வாயில், வாயிலின் மேல் ‘எமரிட்டா’ என்ற எழுத்துகள். அந்தப் பெயர் அரபு நாவில் மாரிதா ஆகி, ஸ்பானிய நாவில் மெரிதா ஆயிற்று. அங்குள்ள ரோமானிய எச்சங்களை 1993-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மெக்சிகோவிலும் வெனிசுலாவிலும் உள்ள மெரிதாக்கள் இந்த ஊரின் பெயரைச் சுமந்து கடல் கடந்தவை.

ஈறு எப்படி மாறுகிறது?

1. பால். ஆண்பாலுக்கு எமரிட்டஸ், பெண்பாலுக்கு எமரிட்டா, அஃறிணை போன்ற மூன்றாம் பாலுக்கு எமரிட்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லத்தீனில் பால் சொல்லைச் சேர்ந்தது, பொருளை மட்டும் சேர்ந்தது அல்ல. கலப்பையைக் குறிக்கும் ‘அராட்ரும்’ மூன்றாம் பால். உழுது முடித்த கலப்பையை உழவன் கம்பத்தில் மாட்டி வைக்கட்டும் என்று கவிஞர் ஓவிட் பாடும்போது, கலப்பைக்கு ‘எமரிட்டும்’ என்று அடை தருகிறார். அடைக்கும் கலப்பைக்கும் நடுவே வேறு இரண்டு சொற்கள் நிற்கின்றன. இரண்டும் ஒன்றைச் சேர்ந்தவை என்று காட்டுவது ஒத்த ஈறு மட்டுமே.

2. எண். பன்மையில் எமரிட்டி (ஆண்பால்), எமரிட்டே (பெண்பால்), எமரிட்டா (மூன்றாம் பால்). ஆணும் பெண்ணும் கலந்த குழுவுக்கு ஆண்பால் பன்மை வரும்.

3. வேற்றுமை. ஆண்பால் ஒருமையை மட்டும் பார்த்தால் போதும். எழுவாயாக எமரிட்டஸ் (முடித்தவர்), இரண்டாம் வேற்றுமையில் எமரிட்டும் (முடித்தவரை), நான்காவதில் எமரிட்டோ (முடித்தவருக்கு), ஆறாவதில் எமரிட்டி (முடித்தவரின்). நம்முடைய ஆல், இல், இருந்து ஆகியவற்றின் வேலையைப் பெரும்பாலும் ஒரே வேற்றுமை பார்க்கிறது, அதுவும் எமரிட்டோதான்.

கூர்ந்து பார்த்தால் வடிவங்கள் மோதிக்கொள்வது தெரியும். எமரிட்டா என்பது பெண்பால் ஒருமையாகவும் இருக்கலாம், மூன்றாம் பால் பன்மையாகவும் இருக்கலாம். எமரிட்டி என்பது ‘முடித்தவர்கள்’ ஆகலாம், ‘முடித்தவரின்’ என்றும் ஆகலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 185-ஆம் விதி, வயது நிறைவாலோ ஏற்கப்பட்ட விலகலாலோ பதவி இழப்பவருக்கு ‘டிட்டுலுஸ் எமரிட்டி’ அளிக்கலாம் என்கிறது. பன்மை என்று நினைத்துப் படித்தால் வாக்கியமே நிற்காது. அது ஆறாம் வேற்றுமை ஒருமை: பணி முடித்தவரின் பட்டம்.

இன்னும் நுட்பமான சான்று ரோமானியத் துணைப்படை வீரர்களுக்கு வழங்கிய வெண்கலச் சான்றிதழ்களில் இருக்கிறது. இரண்டு தகடுகளைக் கட்டி, ஏழு சாட்சிகளின் முத்திரையுடன் கொடுப்பார்கள். வீரனுக்கு ரோமானியக் குடியுரிமை வழங்கப்பட்டதற்கு அதுவே ஆதாரம். இரண்டாம் நூற்றாண்டுத் தகடுகளில் வழக்கமாக வரும் தொடர் ஒன்று: இருபத்தைந்து ‘ஸ்டிபெண்டீஸ் எமரிட்டீஸ், டிமிஸ்ஸீஸ்’ மதிப்பான விடுவிப்புடன். எமரிட்டீஸ், டிமிஸ்ஸீஸ் இரண்டும் பார்ட்டிசிபிள்கள். அடுத்தடுத்து நிற்கின்றன, ஈறும் ஒன்றே. ஆனால் வேற்றுமை வேறு. முதலாவது பணியாண்டுகளைச் சேர்ந்தது: இருபத்தைந்து ஆண்டுகள் முடிக்கப்பட. இரண்டாவது ஆட்களைச் சேர்ந்தது: விடுவிக்கப்பட்டவர்களுக்கு. ஒரே ஒலி கொண்ட இரண்டு ஈறுகளை, தொடரின் பொருளை வைத்துப் பிரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

2013: ஓர் ஈற்றுப் பிழை

2013 பிப்ரவரி 11 அன்று பெனடிக்ட் தம் விலகலைக் கர்தினால்களின் முன் லத்தீனில் வாசித்தார். அந்த மொழி தெரிந்த ஓர் இத்தாலியச் செய்தியாளர் அதைக் கேட்ட உடனே புரிந்துகொண்டு உலகுக்கு முதலில் அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்த லத்தீன் அறிஞர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். முக்கியமான வாக்கியத்திலேயே ஒரு பார்ட்டிசிபிள் தவறாக இருந்தது.

வாக்கியத்தின் கருத்து இது (ரோமை ஆயர், அதாவது ரோம் நகரின் பிஷப், என்பது திருத்தந்தையின் பதவியே): ‘2005 ஏப்ரல் 19 அன்று கர்தினால்களின் கைவழியாக என்னிடம் ஒப்படைக்கப்பட்ட ரோமை ஆயர் பணியைத் துறக்கிறேன்.’ லத்தீனில் துறத்தல் என்ற அந்த வினை இங்கே நான்காம் வேற்றுமையைக் கேட்கும்; எனவே பணி ‘மினிஸ்டெரியோ’ என்று வருகிறது. ஒப்படைக்கப்பட்ட என்ற அடை அதனோடு ஒத்துப்போய் ‘கொமிஸ்ஸோ’ என்று இருக்க வேண்டும். அவர் வாசித்தது ‘கொமிஸ்ஸும்’. பணி என்ற சொல்லுக்கும் அடைக்கும் இடையே ஒரு டஜனுக்கு மேல் சொற்கள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் வருவதற்குள் வேற்றுமை நழுவிவிட்டது.

தமிழில் இப்படி ஒரு பிழை நேரவே முடியாது. ‘ஒப்படைக்கப்பட்ட’ என்பது எந்த வேற்றுமைக்கும் மாறாது. அதற்கு வேறொரு விலை தருகிறோம்: அடையை அது தழுவும் பெயருக்கு முன்னால்தான் வைக்க வேண்டும், விருப்பப்படி வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ள முடியாது. லத்தீன் ஈற்றை நம்பிச் சொல்லைத் தூரமாக வைக்கிறது. ஈறு பிசகினால் சொல் வேறொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். கொமிஸ்ஸும் என்ற வடிவத்துக்கு அந்த வாக்கியத்தில் இசைவாகக் கிடைப்பது ‘மே’, அதாவது ‘என்னை’. பணி ஒப்படைக்கப்பட்டது என்பதற்குப் பதில், பேசுபவரே ஒப்படைக்கப்பட்டதாக வாக்கியம் திரும்பிவிடுகிறது. வெளியிடப்பட்ட உரையில் பின்னர் ‘கொமிஸ்ஸோ’ என்று திருத்தினார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டு, பிழையான லத்தீனில் செய்த விலகல் செல்லாது என்று சிலர் வாதிட்டார்கள். அந்த வாதம் நிற்காது. திருத்தந்தையின் விலகலுக்குச் சட்டத் தொகுப்பின் 332-ஆம் விதி கேட்பவை இரண்டே: சுதந்திரமாகச் செய்ய வேண்டும், முறையாக வெளிப்படுத்த வேண்டும். யாரும் அதை ஏற்க வேண்டியதில்லை என்றும் அதே விதி சொல்கிறது. வேற்றுமை தவறினாலும் கருத்து யாருக்கும் மறைவாக இல்லை. ‘பிப்ரவரி 28 இரவு 8 மணி முதல் ரோமை இருக்கை காலியாகும்’ என்று அதே வாக்கியம் நேரத்தோடு சொல்லிவிட்டது. 2021-இல் ஓர் இத்தாலிய நாளிதழிடம் பேசியபோது பெனடிக்ட், திருத்தந்தை ஒருவரே என்றார்.

பதவி எங்கே போயிற்று?

இறந்தகாலப் பார்ட்டிசிபிள் என்று தெரிந்தால் ‘இரண்டு போப்’ என்ற குழப்பத்துக்கு இலக்கணத்தில் இடமில்லை. பணியை முடித்தவர் அந்தப் பணியில் இல்லை. ஆயர்கள் விஷயத்தில் இது பழகிப்போன ஏற்பாடு: 75 வயது நிறைந்ததும் விலகல் கடிதம் தருவார்கள், அது ஏற்கப்பட்டதும் தம் மறைமாவட்டத்தின் எமரிட்டஸ் என்ற பெயரோடு இருப்பார்கள். மறைமாவட்டத்துக்கு இரண்டு ஆயர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் சட்டத்தில் ஓர் இடைவெளி இருந்தது உண்மை. 185-ஆம் விதி பேசுவது ‘ஏற்கப்பட்ட’ விலகலைப் பற்றி; அதுவும் ஒரு பார்ட்டிசிபிள்தான். திருத்தந்தைக்கு மேலே ஏற்பவர் எவரும் இல்லை. எனவே அந்த விதி அவருக்கு நேராகப் பொருந்தாது. போப் எமரிட்டஸ் என்ற பெயர் 2013-இல் புதிதாக உருவானது. அதன் எல்லைகளை முன்கூட்டி எழுதி வைத்த சட்டம் ஏதும் இல்லை. வெள்ளை அங்கியையும் ‘ஹிஸ் ஹோலினஸ்’ என்ற மரியாதைச் சொல்லையும் பெனடிக்ட் வைத்துக்கொண்டதால் பார்ப்பவருக்கு மயக்கம் கூடியது. தாம் விலக நேர்ந்தால் ‘ரோமையின் எமரிட்டஸ் ஆயர்’ என்றே இருப்பேன் என்று பிரான்சிஸ் 2022-இல் சொன்னார். அது தெளிவான தேர்வு. ஆயர்களுக்கு உள்ள ஏற்பாட்டுக்குள் அப்படியே அடங்குகிறது.

செய்தி எழுதுகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் இதிலிருந்து கிடைக்கின்றன.

1. ‘முன்னாள் எமரிட்டஸ் பேராசிரியர்’ என்று எழுதக் கூடாது. முடித்தல் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முன்னாள் சேர்ந்தால் எமரிட்டஸ் நிலையையும் இழந்துவிட்டார் என்று ஆகும்.

2. முன்னாளும் எமரிட்டஸும் ஒன்றல்ல. இடையில் நீக்கப்பட்டவரும் முன்னாள்தான். எமரிட்டஸ் என்பதற்குப் பணியை முறையாக முடித்திருக்க வேண்டும், அளிக்க ஓர் அமைப்பும் வேண்டும். 2014-இல் அரியணை துறந்த ஸ்பெயினின் ஹுவான் கார்லோஸை நாளிதழ்கள் ‘எமெரித்தோ மன்னர்’ என்கின்றன. 2014-ஆம் ஆண்டு அரசாணை அவருக்கு அளித்ததோ மன்னர் என்ற பெயரைக் கௌரவமாக வைத்துக்கொள்ளும் உரிமை மட்டுமே.

3. தமிழில் ‘தகைசால் பேராசிரியர்’ என்ற சொல் வழங்குகிறது. அழகான சொல், இரு பாலுக்கும் பொது. ஆனால் அது தகைமையைச் சொல்கிறது, பணி முடிந்ததைச் சொல்லவில்லை. ஓய்வுபெற்றவர் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டிய செய்தியில் அதைத் தனியாக எழுதிவிடுவது நல்லது.

4. ‘எமரிட்டா’ என்ற பெண்பால் வடிவத்தை, உரிய நிறுவனமே பயன்படுத்தும் இடங்களில் அப்படியே எழுதலாம். எமரிட்டி ஏற்கெனவே பன்மை என்பதால் ‘எமரிட்டிகள்’ வேண்டாம். தமிழ் வாக்கியத்துக்குள் பன்மையைப் பேராசிரியரிடம் விட்டுவிடலாம்: எமரிட்டஸ் பேராசிரியர்கள்.